எட்டாயிரம் கெல்வின் நீலம்

ஒரு பெண் சொன்னாள் என்பதற்காக எவன் தன் காரின் விளக்கை மாற்றுகிறானோ, அவனோடு ஆண் இனத்தின் வரலாறு முடிவுக்கு வருகிறது.

இதை நான் மேற்குத் தாம்பரத்தில், கேசவன் அண்ணாவின் கார் உதிரிபாகக் கடை வாசலில், நவம்பர் மாதத்துத் தூறலில் நின்றபடி அறிவித்தேன்.

கேட்டுக்கொண்டிருந்தவன் என் வகுப்பு நண்பன் ஜெபின். ஆண் இனத்தை முடித்துவைக்க வந்திருந்தவனும் அவன்தான்.

அவனிடம் இருப்பது, சித்தப்பா துபாய் போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய எஸ்டீம் கார். சித்தப்பா அதில் செய்த ஒரே செலவு, முகப்பில் நீலமாக எரியும் செனான் விளக்குகள். அதில் ஒன்று நேற்று அணைந்துவிட்டது.

இன்னொன்று எரிகிறது. பிரச்சினை அதுதான்.

தினமும் பொத்தேரியில் கல்லூரி விட்டதும் ஜெபின் அஞ்சலியைக் காரில் ஏற்றிவந்து, சேலையூரில் அவள் தெருமுனையில் இறக்கிவிடுகிறான். இருட்டுகிற அந்த நேரத்துக்கு அவள் அப்பா தாமோதரன் மொட்டைமாடியில் உலாத்துவார். போன வாரம் சாப்பிடும்போது அவளிடம் கேட்டிருக்கிறார், "தெருமுனைல டெய்லி ஒரு நீல லைட்டு வந்து நிக்குதே, யாரு வண்டி அது?"

அடுத்த முறை அவர் கேட்க மாட்டார், இறங்கி வந்துவிடுவார் என்பது அஞ்சலியின் கணிப்பு. ஊரில் எல்லாருக்கும் எரிகிற மாதிரி ஒரு விளக்கைப் போடு என்று ஜெபினிடம் சொல்லியிருந்தாள்.

எனக்கு இதில் தனிப்பட்ட அக்கறை எதுவும் இல்லை.

இரண்டு வருடம் நானும் அஞ்சலியும் ஒரே மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போய்வந்தோம் என்பதும், ஜன்னலோரம் கிடைத்தால் அவளுக்குத்தான் விடுவேன் என்பதும், இப்போதெல்லாம் ஜன்னலோரம் எனக்கே கிடைத்துவிடுகிறது என்பதும் வெறும் தகவல்கள்.

ஒருநாள் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். முன் சீட்டில் அவள். பின் சீட்டில் அவள் பை. அதற்குத் துணையாக வண்டலூர் வழியாகத் தாம்பரம்வரை வந்தேன்.

கேசவன் அண்ணா கண்ணாடி மேசைமேல் பெட்டிகளை அடுக்கினார். எண் ஏற ஏற நீலம் ஏறும். நாலாயிரத்து முந்நூறு கெல்வின் என்றால் லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை, நாலு வண்டியோடு வண்டியாகப் போய்விடலாம். எட்டாயிரம் என்றால் கார் பெருங்களத்தூரைத் தாண்டும்போதே சேலையூருக்குச் சேதி வந்துவிடும்.

"ஒண்ணு மட்டும் போதுமாண்ணா?" என்றான் ஜெபின்.

"ஒண்ண மட்டும் மாத்துனா ரெண்டு கண்ணும் ரெண்டு கலரா பூடும்பா, பாக்க பேஜாரு. ஜோடியாத்தான் போடணும். போலீஸு புட்ச்சா நடுவுல ஒட்டிக்க கறுப்பு ஸ்டிக்கரு நம்ம கைல ஃப்ரீ."

வெளிச்சத்தைக் காசு கொடுத்து வாங்கி, அதன் நெற்றியில் கறுப்பை ஒட்டுவது எங்கள் ஊர் வழக்கம்.

ஜெபின் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு நீலத்தை விட மனசில்லை.

"மச்சான், நீயே சொல்லுடா."

மூன்று வருடமாக அவனுடைய சட்டை, ரிங்டோன், விருப்பப் பாடம் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தவன் நான். பொறுப்பை உணர்ந்து எட்டாயிரத்தைத் தொட்டேன்.

"இன்னிக்கு லைட்ட மாத்துன்னுவா. நாளைக்கு ஹாரன மெதுவா அடின்னுவா. வண்டி உன்னுதா, அவங்க அப்பனுதா?"

ஜெபினின் நெஞ்சு விரிந்தது. "அதானே," என்றான்.

சேலையூர் தெருமுனையில் நீல வெளிச்சம் வந்து நிற்பதும், மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்பதும், திங்கட்கிழமை காலை தாம்பரம் பிளாட்பாரத்தில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருத்தி ரயிலுக்குக் காத்திருப்பதும் என் மனக்கண்ணில் ஓடின. நான் ஓட்டவில்லை. தானாக ஓடின.

ஜெபின் பானட்டைத் திறந்து, பழைய விளக்கைக் கழற்றக் கையை உள்ளே விட்டான். அவன் சட்டைப் பையில் போன் அடித்தது.

அஞ்சலி.

அவள் மிஸ்டு கால் மட்டுமே கொடுப்பவள். இது நிற்காமல் அடித்தது. தன் பேலன்ஸைச் செலவழிக்கிறாள் என்றால் பயந்துபோயிருக்கிறாள்.

"நீ எடுத்துப் பேசுடா, கையெல்லாம் கிரீஸு," என்று உள்ளேயிருந்து ஜெபின் கத்தினான்.

எடுத்து, தள்ளிப்போய், நான் அருண்ராஜ் என்றேன்.

"நீயா? அப்பாடா! நீ கூட இருக்கியா? அவன் அந்த நீலத்தையேதான் வாங்கிட்டு வருவான். எங்கப்பா கைல மாட்டுனா காலேஜையே நிறுத்திருவாருடா. வேணாம்னு சொல்லேன், ப்ளீஸ். நீ இருக்கேல்ல, இனிமே பயமில்ல."

வைத்துவிட்டாள்.

இரண்டு வருட ரயில் பயணத்தில் எத்தனையோ பேசியிருக்கிறாள். என்னைப் பார்த்து ஒருமுறைகூட அப்பாடா என்று சொன்னதில்லை.

கேசவன் அண்ணா எட்டாயிரத்தின் பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார். அவர் கையிலிருந்து அதை வாங்கி, மூடியைச் சரியாக அழுத்தி, மேசையில் வைத்தேன். நாலாயிரத்து முந்நூறை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

ஜெபின் பானட்டுக்கு அடியிலிருந்து தலையை உயர்த்தினான்.

"டேய், ஏன்டா மாத்துற? அவ இன்னா சொன்னா?"

"ஒண்ணும் கேக்கல மச்சான். டவரே இல்ல," என்றேன். "மழைக்கு இதான் நல்லது."