மரமேறிய அரணை

"வாலைப் பிடிக்காதீங்க! கழட்டிப் போட்டுட்டு ஓடிடும். மொட்டை அரணையைக் காட்டியா ஆபீசரை நம்பவைக்கப் போறீங்க?" ஏணியைப் பிடித்தபடி வகினெம் கத்தினாள்.

மேலே அவள் கணவன் திர்தோ, குளியலறைப் பக்கம் பிடித்த அரணையை இலவமரக் கிளையில் விட்டான். சாலையை அகலமாக்க மரத்தை வெட்டப்போகிறார்கள். மரம் போனால் நிழல் போகும். நிழல் போனால் அதன் அடியில் இருக்கும் அவர்கள் காப்பிக் கடைக்கு ஒரு லாரிக்காரனும் வரமாட்டான். அதனால்தான், மரத்தைவிட்டு இறங்காத அபூர்வ அரணை இங்கே வாழ்கிறது என்று வனத்துறைக்குச் சொல்லியிருந்தான்.

அதிகாரி ஹெந்தார்தோ வந்தார். அண்ணாந்து ஒரே ஒரு பார்வை. அப்புறம் அளவு டேப்பை மரத்தடியில் வைத்து, சோயாபீன்ஸ் தெம்பேத் துண்டுகள் பொரிந்துகொண்டிருந்த கடை அடுப்புவரை இழுத்தார்.

"தரைக்கே வராதா, திர்தோ?"

"வரவே வராதுங்க ஐயா. பிறந்தது, வளர்ந்தது, கட்டிக்கிட்டது எல்லாம் மேலேதான்."

அந்த நேரம் பார்த்து அரணை விறுவிறுவென்று இறங்கி பெஞ்சுக்கு அடியில் நுழைந்தது. திர்தோவுக்கு உயிரே போய்விட்டது. அதிகாரியோ நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல என் பேருக்கு ஒரு சரணாலயம்கூடக் கிடையாது. இது போதும்" என்றார்.

வகினெம் சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பினாள். எங்கள் ஜாவாவில் ஒருவனை ஏமாற்றுவதற்கு அரணையாக்குவது என்றுதான் பெயர். "அரணையை வச்சே அரணையாக்கிட்டீங்களே மனுஷனை!" என்று கணவன் காதில் கிசுகிசுத்தாள்.

"நீ சும்மா இரு. தெம்பே எடுத்து வை. சூடா வை."

அதிகாரி ரெண்டு துண்டு சாப்பிட்டார். சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயையும் குடித்தார்.

"மரத்தை இனி ஒருத்தனும் தொடமுடியாது. சாலை வளைஞ்சுதான் போகணும்."

திர்தோ அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வகினெம் கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னொரு துண்டு வைத்தாள்.

"அபூர்வமான உயிர் பாருங்க. புகை ஆகாது, ஆள் நடமாட்டம் ஆகாது." மென்று விழுங்கிவிட்டு அதிகாரி கேட்டார்:

"கடையை எப்போ காலி பண்றீங்க?"