பிப்ரவரி பன்னிரண்டு

வாசலில் ஒட்டியிருந்த நோட்டீசைக் கேதகி ஒரே இழுப்பில் கிழித்தாள். ஒட்டிய மனுஷர் பசை டப்பாவும் கையுமாகப் பக்கத்திலேயே நின்றார். அதையெல்லாம் அவள் சட்டை செய்யவில்லை.

"ஏழு நாள்ல காலி பண்ணணுமா? யாரைக் கேட்டு ஒட்டினீங்க, பூபத்பாய்?"

பூபத்பாய் மாநகராட்சி எஞ்சினியர். கேதகி மஜ்முதார் பழைய வீடுகளை இடிக்க விடாமல் பழுது பார்க்கிற ஆர்க்கிடெக்ட். அகமதாபாத்தில் இந்த ஹிங்வாலா போள் சந்தில் மட்டும் மூன்று மர வீடுகளை எமன் வாயிலிருந்து பிடுங்கி நிமிர்த்தி வைத்தவள். கெட்டிக்காரி. ஆனால் கோபம் மூக்கு நுனியில். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் ஆளையே பூசிவிடுவாள். அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் மேஸ்திரிகள் சிமென்ட் மூட்டையை ஒளித்துவிட்டுத்தான் கும்பிடு போடுவார்கள்.

"மாடிச் சுவர் நகருது, கேதகிபென். போன வருஷம் விரிசல்ல பத்து ரூபாய்க் காசு நுழையல. இப்ப நுழையுது."

"ஓ, காசை நுழைச்சுப் பார்க்கற எஞ்சினியரிங்கா?"

பூபத்பாய் பல்லைக் கடித்துக்கொண்டார். வீட்டை இடிக்கச் சொல்லவில்லை, முதலில் ஆட்கள் வெளியே வரட்டும், சுவருக்கு முட்டுக் கொடுப்போம், அப்புறம் நீங்களே பழுது பாருங்கள் என்று பொறுமையாகத்தான் சொன்னார். யார் கேட்டார்கள்? ஒரு தடவை வெளியே போன குடும்பத்தை எந்த வீட்டுக்காரன் திரும்ப உள்ளே விட்டிருக்கிறான்? பின்பக்கத்து மனையை வாங்கிப்போட்ட பில்டர் உங்களுக்கு எத்தனை தடவை சாயா வாங்கிக் கொடுத்தான் என்று தெருவே கேட்கிற மாதிரி கேட்டாள். மனுஷர் முகம் கறுத்துப்போனது.

"மேல வாங்க. உங்க காசு பெரிசா, என் கண்ணாடி பெரிசான்னு பார்த்துடலாம்."

மாடியில் வாடகைக்குக் குடியிருப்பது ரஞ்சன்பென், அவள் புருஷன், இரண்டு பிள்ளைகள். புருஷனுக்கு வீடுகளில் பிளாஸ்டர் கூரை போடும் வேலை. உள்ளறைச் சுவரோரம் பிள்ளைகளின் படுக்கைகள் சுருட்டிக் கிடந்தன. கேதகி அவற்றைத் தாண்டிப் போய்ச் சுவரைக் காட்டினாள்.

விரிசலுக்குக் குறுக்கே விரல் அகலத்துக்கு ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டு. இரண்டு முனையும் பிளாஸ்டரில் பதிந்திருந்தன; பிளாஸ்டர் மேல் மையில் ஒரு தேதி. சுவர் ஒரு முடி அளவு நகர்ந்தாலும் கண்ணாடி பட்டென்று உடைந்துவிடும். அதற்காகவே ஒட்டுவது.

"படிங்க. பிப்ரவரி பன்னிரண்டு. நான் ஒட்டி, நானே எழுதின தேதி. ஒன்பது மாசம், ஒரு மழைக்காலம் பூரா தாண்டியாச்சு. கீறல் இருக்கா? சுவர் கல்லு மாதிரி நிக்குது. நாளைக்கே கோர்ட்டுக்குப் போறேன். இந்தச் சுவர் அசையலன்னு கூண்டுல ஏறிச் சத்தியம் பண்றேன். உங்க வேலைக்கு உலை வைக்கிறேனா இல்லையா பாருங்க."

பூபத்பாய் கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். முழுசாகத்தான் இருந்தது. அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்போதுதான் ரஞ்சன்பென் சாயாத் தட்டைக் கீழே வைத்தாள்.

"சத்தியமெல்லாம் வேண்டாம், கேதகிபென்."

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்காகத்தான் தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேன்."

"அதனாலதான் சொல்றேன். எங்களால உங்க வாயில பொய்ச் சத்தியம் வரக் கூடாது." அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். "அது நீங்க எழுதின தேதி இல்ல. எங்க பொண்ணு கிருபா எழுதினது. அவளுக்குக் கையெழுத்து நல்லா வரும், உங்களதைப் பார்த்து அப்படியே எழுதிட்டா."

கேதகிக்குப் புரியவில்லை. புரிந்தபோது குனிந்து அந்த எழுத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க ஒட்டினது ஆனி மழையிலயே உடைஞ்சுடுச்சு. அப்புறம் ஜன்மாஷ்டமிக்கு ஒண்ணு. நவராத்திரி கர்பா ஆட்டச் சத்தத்துல ஒண்ணு. தீபாவளி வெடியில ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக் கடையில துண்டு வாங்கிட்டு வந்து, அவர் தன் பிளாஸ்டரைக் குழைச்சு ஒட்டிடுவார். நீங்க வர்ற தேதிக்கு முன்னாடியே."

"ஏன்?" கேதகியின் குரல் முதல் தடவையாகத் தணிந்திருந்தது. "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஒட்டின அன்னிக்கு நீங்கதானே கத்தினீங்க, இது உடைஞ்சா இந்த வீட்டை என்னாலயும் காப்பாத்த முடியாது, தொலைச்சுப்புடுவேன்னு. அது எதுக்குன்னு சொல்லல. கேட்கவும் பயமா இருந்துச்சு. எங்களுக்காக இவ்வளவு அலையறீங்க. நாங்க ஒரு கண்ணாடியை ஒழுங்கா வச்சிருக்கலன்னு உங்களுக்குக் கெட்ட பேர் வரக் கூடாதுன்னுதான்..."

பூபத்பாய் சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய்க் காசை எடுத்து விரிசலில் வைத்தார். அது உள்ளே விழுந்து, சுவருக்குள் எங்கேயோ உருண்டு ஓடுகிற சத்தம் கேட்டது.

கேதகி குனிந்து, சுவரோரம் கிடந்த இரண்டு படுக்கைகளையும் வாரி எடுத்து ரஞ்சன்பென் கையில் கொடுத்தாள். கசக்கி வைத்திருந்த நோட்டீசைத் தொடையில் வைத்து நீவினாள்.

"பூபத்பாய், பசை மிச்சம் இருக்கா?"