அக்காளுக்கு ஒரு சேலை

போனஸ் பணத்தில் குழந்தைகளுக்குத் துணியும் பட்டாசும் வாங்கியபின், தறி ஓட்டும் அங்கப்பனிடம் ஒரு சேலைக்குத்தான் காசு மிஞ்சியது.

"உனக்கே எடு, அம்மணி."

"அக்காளுக்கு எடுங்க. பாக்குக் கலருதான் வேணுமாம்," என்றாள் மனைவி நாகமணி.

"அவளுக்கெதுக்கு இப்ப?"

"நம்மூட்டுலயே இருக்கறவங்கள உட்டுப்போட்டு நான் எப்படீங்க கட்டறது?"

தீபாவளியன்று, அவனுடைய செத்துப்போன மூத்த மனைவி காளியாத்தாளின் படத்துக்கு முன்னால் அந்தச் சேலையைப் படைத்தாள். கும்பிட்டுவிட்டுத் தானே எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

அங்கப்பன் படத்தை நிமிர்ந்து பார்த்தான். தன் கடைசித் தீபாவளிக்குக் காளியாத்தாள் கேட்டதும் பாக்குக் கலர்தான். கட்டுபடியாகாது என்று அவன் மறுத்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாகமணி முந்தானையைச் சரிசெய்தபடி திரும்பினாள்.

"ஏனுங்க, இந்தத் தடவ கட்டுபடியாச்சுங்களா?"