அக்கரை மேடு

வாசல்வரை அவனைத் தோளில் தூக்கிக்கொண்டே வந்தார்கள்.

போன வருஷம்வரை பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். பட்டாளத்துக்குக் கூப்பிட்டார்கள், போனான். இப்போது ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பிவிட்டான்.

ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மேட்டை அவன் படைதான் பிடித்ததாம். அது விழுந்த பிறகுதான் எதிரி கையைத் தூக்கினானாம். மாடிவீட்டுக்காரர் ஏதோ கூடவே நின்று பார்த்தவர் மாதிரி அளந்துகொண்டிருந்தார்.

அவன் மனைவி அடுக்களையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். வந்த கூட்டத்துக்கு டம்ளர் போதவில்லை. கழுவிக் கழுவிக் கொடுத்தாள்.

"உனக்கென்னம்மா, கொடுத்து வச்சவ!" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

சிரித்து வைத்தாள்.

அவள் பிறந்த வீடு அக்கரையில். கல்யாணமான புதிதில் நினைத்தால் பாலத்தில் நடந்தே போய்விடுவாள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் ஒரே தம்பி. அவனையும் அந்தப் பக்கத்துப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதோடு சரி. அப்புறம் பாலமும் இல்லை, போனும் இல்லை.

ஊரே வெற்றிக்கு வேண்டிக்கொண்டபோது அவளுக்கு வேண்டத் தெரியவில்லை. புருஷனில் ஆரம்பிப்பாள். தம்பி முகம் வந்து நிற்கும். பாதியிலேயே விட்டுவிடுவாள். யாரிடம் போய்ச் சொல்வது இதை?

ஒருவழியாகக் கூட்டம் கலைந்தது.

அவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நீட்டிய டீயை வாங்கவில்லை. வந்ததிலிருந்து அவன் தன்னை ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கேட்டுவிட நாக்கு துடித்தது. ஜெயித்து வந்தவனிடம் தோற்றவனைப் பற்றி எந்த வாயால் கேட்பது?

அவனே பேசினான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அந்த மேட்டுல ஒண்ணுமே இல்ல, வெறும் பாறை. பதுங்குகுழி பூரா புகை. ஆளு யாருன்னே தெரியல. உள்ளேயிருந்து ஒருத்தன் கையைத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சான். நான் சுட்டுட்டேன். சுட்டப்புறம்தான் அவன் கூப்பிட்டது காதுல ஏறிச்சு."

அவள் டம்ளரைப் பிடித்தபடி நின்றாள்.

"அத்தான்னு கூப்பிட்டான்."