மார்ஜரி தட்டிய கதவு

"பொய்ச் சத்தியம் பண்ணினா ஜெயில்தானே, கிளிஃப்?"

கோர்ட்டு வராந்தாவில் ஷெரில் இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த காகிதக் கோப்பையில் டீ தளும்பியது.

"நீதான் பொய் சொல்லலையே. அப்புறம் என்ன?" என்றான் தம்பி கிளிஃப். இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊர்ச் சந்தையில் கம்பளம் விற்கிறவன். கொஞ்சம் நிறுத்திக் குரலைத் தாழ்த்தினான். "சொல்லலைதானே?"

கூடப் பிறந்தவனே இப்படிக் கேட்டால் நீதிபதி என்ன கேட்பார்?

புருஷன் உயிரோடு இருந்தபோது இவள் கையெழுத்துப் போட்டு வாங்கிய வட்டிக் கடன். அவன் செத்த பிறகு ஏழு வருஷமாக ஒரு பென்னி கட்டவில்லை. பள்ளிக்கூடச் சமையலறைச் சம்பளம் வாடகைக்கே போதவில்லை, எதை வைத்துக் கட்டுவாள்? கம்பெனி வழக்குப் போட்டுவிட்டது.

கிளிஃப்தான் நாலு பேரிடம் விசாரித்து வந்தான். "ஆறு வருஷம் ஒரு காசும் கட்டாம, கடனை ஒத்துக்கிட்டு ஒரு வரியும் எழுதாம இருந்தா வழக்கு நிக்காதாம். அதையே எழுதிப் போடு."

எழுதினாள். அத்தனையும் உண்மை என்று கீழே கையெழுத்தும் போட்டாள்.

போன வாரம் கம்பெனி தன் கணக்கை அனுப்பியது. வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு பவுண்டு வரவு. மூன்று வருஷத்துக்கு முன்பு வீடு வீடாகப் போய் வசூலிப்பதைக் கம்பெனி நிறுத்தும் வரைக்கும் ஒரு வாரம் தவறவில்லை. வசூலித்தவர், மார்ஜரி.

அந்தப் பெயரைப் படித்ததுமே ஷெரில் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

மற்ற வீடுகளில் இரண்டு விரலால் தட்டி, உள்ளே போய் டீ குடித்துவிட்டு வருகிறவள் மார்ஜரி. ஷெரில் வீட்டுக்கு மட்டும் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வருவாள். "ஷெரில், மார்ஜரி வர்றேன். பணத்தை எடுத்து வை." பிறகு கதவில் முஷ்டியால் இடி. ஷெரில் டிவியை அணைத்துவிட்டு, சோபாவுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொள்வாள். தெருவே ஜன்னல் திரையை விலக்கி வேடிக்கை பார்க்கும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவளா இவள்?

இப்போது வராந்தாவின் மறுகோடியில், கம்பெனி வக்கீலோடு நின்றிருந்தாள் அதே மார்ஜரி.

"பாரு, வட்டிக்காரன் வீட்டு நாயை," என்றான் கிளிஃப், அவள் காதில் விழும்படியே. "எலும்பு போட்டா எங்க வேணும்னாலும் வந்து நிக்கும்."

"நாய்னா குரைக்கத்தான் செய்யும், கிளிஃப்," என்றாள் மார்ஜரி, திரும்பிப் பார்க்காமல்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

நீதிபதி அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்க ஒண்ணுமே கட்டலைன்னு எழுதியிருக்கீங்க. இங்க வாரா வாரம் வரவு இருக்கு. எது நிஜம்?"

"நான் கட்டலைங்கம்மா. சத்தியமா." குரல் அவளுக்கே பொய் மாதிரிக் கேட்டது. தோற்றால் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். அது போகட்டும். பொய்க்காரி என்று உள்ளே தள்ளிவிட்டால்?

வக்கீல் எழுந்தார். "அவங்க வீட்டு வாசல்லயே வசூலான பணம். வசூல் பண்ணினவங்களே சாட்சிக்கு வந்திருக்காங்க."

நீதிபதி மார்ஜரி பக்கம் திரும்பினார். "ஷெரில் வாசல்ல வாங்கின பணமா இது?"

"அவ வாசல்ல நின்னு வரவு எழுதினேன்மா."

வக்கீல் திருப்தியாகத் தலையாட்டினார். ஷெரில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கொடுத்தது யாரு?"

மார்ஜரி வக்கீலைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த கைப்பையை மேஜைமேல் தூக்கி வைத்தாள்.

"இந்தப் பைதாம்மா. என்னோடது."

வக்கீலின் தலையாட்டம் நின்றது.

"கட்டலைன்னு எழுதினா அடுத்த வாரம் ரெண்டு தடியனுங்களை அனுப்புவாங்க. சாவு விழுந்த வீடு. மனசு கேக்கலை. என் காசைப் போட்டு எழுதிட்டேன்."

"ஷெரில் உங்களைக் கட்டச் சொன்னாங்களா?"

"அவளுக்கு இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது."

"இதை முன்னாடியே ஏன் சொல்லலை?"

"இப்பவும் இவங்க ஆபீஸ்லதாம்மா வேலை. போயிடுமேன்னு பயம்." கைப்பையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டாள். "இனிமே போயிடும்."

நீதிபதி பேனாவை எடுத்தார். "அப்படின்னா இது ஷெரில் கட்டின பணம் ஆகாது. அவங்க கடைசியா கட்டி ஆறு வருஷத்துக்கு மேல ஆச்சு. வழக்கு தள்ளுபடி."

வெளியே வந்ததும் கிளிஃப் மார்ஜரியின் முகத்தைப் பார்க்காமல், "சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு டீ வாங்கப் போனான்.

ஷெரில் மார்ஜரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு செஞ்சவ, எதுக்குடி அந்த இடி இடிச்சே? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் செத்துச் செத்துப் பிழைச்சேன்."

"மெல்லத் தட்டியிருந்தா ரோஷத்துல திறந்திருப்பே, கண்ணு. அடுப்பெரிய கேஸ் மீட்டர்ல போட வெச்ச காசை எடுத்து நீட்டியிருப்பே. நானும் வாங்கித்தான் ஆகணும்," என்றாள் மார்ஜரி. "நீ திறந்துடக் கூடாதுன்னுதாண்டி இடிச்சேன்."