மினுக்கிக்கொண்டிருந்த பொத்தான்

பஸ் டிக்கெட் விற்கும் இணையப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருந்தது. எல்லோரும் தன்னையே பார்க்கட்டும் என்று மின்னும், துள்ளும், நிறம் மாறும். பிரவுசரில் காவல் நின்ற விளம்பரத் தடுப்பான் அதைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் தள்ளியது.

"அண்ணே, நான் விளம்பரம் இல்லண்ணே! டிக்கெட் பொத்தான்!"

"வர்றவன் எல்லாம் இதைத்தான் சொல்றான். போடா உள்ளே!"

வெளியே அமலி, ஊருக்குப் போகக் கடைசி சீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எதை அமுக்குவது என்று தேடிக்கொண்டிருந்தாள். பொத்தானுக்குப் பதறியது. மினுக்கல், துள்ளல் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, சாதா நீலத்தில் மெதுவாக வெளியே வந்தது.

தடுப்பான் வழிவிட்டது. "ஏம்ப்பா, இங்கே ஒரு மினுக்கி ஆடிக்கிட்டு இருந்தானே, பார்த்தியா?"

"அவனா? ஊருக்குப் போயிட்டான் அண்ணே" என்று பொத்தான் சொல்லி முடிப்பதற்குள் அமலி அதை அமுக்கிவிட்டாள்.