சுண்ணாம்புக் கோடு

இராஜாங்கம் ஓரமாகப் பந்தை உருட்டிக்கொண்டு வந்தான். கலியபெருமாள் விலகி வழிவிட்டான்.

தடுக்கப் போய்த் தவறியிருந்தால் பரவாயில்லை. வழுக்கி விழுந்திருந்தால்கூட யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். இவனோ இரண்டு காலையும் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே எடுத்து வைத்து, உடம்பைக் குறுக்கி, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இராஜாங்கம் நிதானமாக உள்ளே போய் கோல் போட்டுவிட்டுத் திரும்பினான். திரும்பும்போது இவனைப் பார்த்து லேசாகச் சிரிக்கவும் செய்தான்.

அதுவும் எந்த ஆட்டத்தில்! பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கு ஆள் பொறுக்கும் ஆட்டத்தில்.

தஞ்சாவூர் வட்டாரத்துக் கல்லூரிப் பையன்களை இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டு, பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் மெட்ராஸிலிருந்து வந்த தேர்வாளர். தடுத்து ஆடுவதற்குக் கலியபெருமாளை விட்டால் ஆளில்லை என்றுதான் காலையில்கூட எல்லோரும் சொன்னார்கள். அணியில் இடம் கிடைத்தால் ரயில்வேக்காரன் கூப்பிட்டு வேலை கொடுப்பான். கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இராஜாங்கத்தின் அப்பாவுடைய வயல்.

கோல்கீப்பர் ஹாஜா மைதீன் வயிறெரிந்து ஓடிவந்தான். "ஏண்டா, வெத்தல பாக்கு வச்சு அழைக்கிறதுதான் பாக்கி. என்னடா ஆச்சு உனக்கு?"

"தெரியலடா. கால் தானாப் போயிருச்சு."

தெரியாமல் என்ன? நன்றாகத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஊரில் வரப்பு ஒரு ஆள் நடக்கிற அகலம்தான். எதிரே ஆண்டை வீட்டு ஆள் வந்தால், கூலிக்கார வீட்டு ஆள் சேற்றில் இறங்கி நிற்க வேண்டும். கலியபெருமாள் நடக்கப் பழகியபோதே இறங்கவும் பழகியவன். கல்லூரிக்கு வந்து பேண்ட் போட்டாயிற்று, பூட்ஸ் போட்டாயிற்று. சனியன் பிடித்த கால் மட்டும் இன்னும் ஊரிலேயே இருக்கிறது.

இதைவிடப் பெரிய வேதனை ஒன்று இருந்தது. அப்பா வந்திருந்தார்.

ஆட்சி மாறினால் எல்லாம் மாறும் என்றார்கள், கூலி மாறவில்லை. அதற்காக இந்த அறுவடைக்கு ஊரையே அரிவாளைக் கீழே போடவைத்தவர் அப்பா வைரக்கண்ணு. "எவன் எதுக்க வந்தாலும் வரப்ப விட்டு எறங்காதீங்க" என்று சங்கக் கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை கிழியக் கத்துகிறவர். மகன் ஆடுவதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டுமென்று பாசஞ்சர் ரயில் ஏறி வந்து, எதிர் ஓரத்தில் சிவப்புத் துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

பார்த்திருப்பாரா? அவ்வளவு தூரத்திலிருந்து தெரிந்திருக்குமா? தெரியாமல் எப்படி இருக்கும்!

பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறினார்கள். போதாத காலம், அப்பா நின்ற ஓரமே இப்போது கலியபெருமாள் காக்க வேண்டிய ஓரம். கூப்பிடாமலே பேசுகிற தூரத்தில் அவர். இவன் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். மறுபடி அவிழ்த்தான். பந்து அந்தக் கோடியிலேயே கிடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான். அடுத்த நிமிஷமே, வரட்டும், வந்து தொலையட்டும் என்றும் வேண்டிக்கொண்டான்.

வந்தது. இராஜாங்கம்தான் கொண்டுவந்தான். நடுவில் இரண்டு பேர் கேட்டுக் கத்தியும் கொடுக்கவில்லை. அவனுக்கும் அதே ஊர்தானே, முதல் கோல் எப்படி விழுந்தது என்று தெரியாதா? கோட்டோடு ஒட்டி, வரப்பில் வருகிற மாதிரியே வந்தான்.

"தள்ளுடா கலியா!"

குரல்கூட அவன் அப்பாவின் குரல். கலியபெருமாளின் வலது கால் அதற்குள் கோட்டைத் தாண்டிவிட்டது. ஐயோ என்றிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலை ஊன்றினான். போன காலை உள்ளே இழுத்துப் பந்தின் குறுக்கே போட்டான்.

பந்து ஒரு பக்கம் தெறித்து வெளியே போனது. இராஜாங்கம் ஒரு பக்கம் விழுந்தான். ரெஃப்ரி பவுல் இல்லை என்று கையை ஆட்டினார். பந்தலுக்குக் கீழே தேர்வாளர் எழுந்து நின்று கைதட்டினார். ஹாஜா மைதீன் போட்ட கூச்சல் மைதானம் முழுக்கக் கேட்டது.

இப்போதுதான் கலியபெருமாளுக்கு அப்பாவைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வந்தது.

இராஜாங்கம் முழங்காலில் சிராய்ப்போடு எழுந்து, ஓரத்தில் இருந்த தண்ணீர் வாளியை நோக்கி நொண்டிக்கொண்டு போனான். கோட்டை ஒட்டி நின்ற மாணவர்கள் ஒருத்தரும் அசையவில்லை. அவன்தான் சந்து பார்த்து நுழைய வேண்டியிருந்தது.

ஒரே ஒருவர் மட்டும் பின்னால் நகர்ந்து, உடம்பைக் குறுக்கி, அவனுக்கு வழிவிட்டார். தோளில் கிடந்த சிவப்புத் துண்டு கக்கத்துக்குப் போயிருந்தது.

இராஜாங்கம் அவரைக் கவனிக்கக்கூட இல்லை. வாளித் தண்ணீரை மொண்டு முழங்காலில் ஊற்றிக்கொண்டான்.

அப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார். கக்கத்தைப் பார்த்தார். நிமிர்ந்தபோது மகன் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்துவிட்டது.

இவர் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதானே கலியபெருமாள் இத்தனை நேரம் செத்துச் செத்துப் பிழைத்தான்! இப்போது அவர்தான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்.

எதிரணிப் பையன் பந்தை உள்ளே எறியக் கையில் எடுத்துவிட்டான்.

அப்பா துண்டை ஒரு உதறு உதறித் தோளில் போட்டார். கால்விரல் சுண்ணாம்பில் படுகிற அளவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"என் மூஞ்சில என்னடா இருக்கு? பந்தப் பாரு!"